கோத்தகிரி மலைப்பண்ணையில் ஆறு வாரப் பசுமைக்குடில் ஆய்வுப் பயிற்சி: சேரலாமா?

தோட்டக்கலை, வேளாண்மை, தாவரவியல் படிக்கும் இளநிலை மாணவர்களுக்காகக் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையில் ஒரு தனியார் பண்ணை ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் டிசம்பரிலும், மண்ணில்லாமல் ஊட்டக்கரைசலில் செடி வளர்ப்பது பற்றி ஆறு வார ஆய்வுப் பயிற்சி நடத்துகிறது. ஒரு அணிக்குப் பன்னிரண்டு பேர். தலா 500 சதுர மீட்டரில் இரண்டு பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பசுமைக்குடில்), எல்இடி விளக்கு போட்ட அடுக்குகளுடன் ஓர் அறை, சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம், இவ்வளவுதான் வசதி. குறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் பண்ணையின் பெயரைப் போடவில்லை. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இதுபோல் நடக்கும் எந்தப் பயிற்சியையும் இதே அளவுகோலில் எடைபோட்டுப் பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அளவெடுக்கக் கற்றுக்கொடுப்பதில் இந்தப் பண்ணை அருமை. முதல் மூன்று வாரத்துக்காகவே சேரலாம். ஆய்வை வடிவமைக்கும் பகுதியில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். விளக்கொளியில் வளர்க்கும் உள்ளரங்க சாகுபடி மட்டுமே நோக்கம் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 80 சதவீதம்தான். மலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் அங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆனால் அதே அழுத்தக் குறைவு ஆய்வுக்கருவிகளையும் ஏமாற்றும் என்பது பாடப்புத்தகத்தோடு வரும் மாணவர்களுக்குத் தெரிவதில்லை. மண்ணில்லாச் சாகுபடி பற்றிக் கடையில் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் சமவெளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சமவெளி வெயில், சமவெளி போர் தண்ணீர், சமவெளிக் காற்றழுத்தம். மலைக்கு வந்ததும் இந்த மூன்றும் மாறுகின்றன. ஒரு மலைப்பயிற்சி நல்லதா இல்லையா என்பதற்கு எங்கள் முதல் கேள்வியே இதுதான்: இந்த மூன்றையும் கணக்கில் எடுத்துப் பாடம் நடத்துகிறார்களா?

முதல் வாரம் முழுக்க மீட்டர்தான். செடியைத் தொடவே விடுவதில்லை. அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மீட்டரைத் தினமும் காலையில், பிஎச் மாறாமல் நிற்கும் 7.00, 4.01 ஆகிய இரண்டு பஃபர் கரைசலிலும் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கரைசலின் மின்கடத்துதிறனை, அதாவது அதில் எவ்வளவு உர உப்பு கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் ஈசி மீட்டரை 1.413 மில்லிசீமன்ஸ் கரைசலில் சரிபார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் பிஎச் பேனாவின் (பேனா வடிவ மீட்டரின்) கண்ணாடி முனையை வாலை வடிநீரில் போட்டு வைப்பது பல கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் நடக்கிற தப்பு. வாலை வடிநீர் முனைக்குள் இருக்கும் உப்பை இழுத்துவிடும், சில வாரங்களில் மீட்டர் மந்தமாகிவிடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு பேனாவின் மூடியையும் மாலையில் திறந்து பார்த்துச் சொட்டு விடுகிறார்கள்.

ஈசி பாடம் நடக்கிற விதத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். டிசம்பர் காலை ஆறரை மணிக்குத் தொட்டியில் தண்ணீர் 12 டிகிரி. மாணவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுக்கிறார், முக்குகிறார், ஐந்தாவது நொடியில் எண்ணைப் படித்து எழுதப் போகிறார். பக்கத்தில் நிற்கும் மேற்பார்வையாளர் கையைப் பிடித்து நிறுத்துகிறார். “தம்பி, உடனே படிக்காதீங்க. பேனா உங்க பையில சூடா இருந்துச்சு, தண்ணி சில்லுனு இருக்குது. ரெண்டும் ஒரே சூட்டுக்கு வரட்டும்ங்க.” “எவ்ளோ நேரம்ணா?” “ரெண்டு நிமிசம் கலக்கிக்கிட்டே இருங்க, எண்ணு ஏறி நிக்கும்.” ஏறித்தான் நிற்கிறது: 1.34-இல் தொடங்கி 1.7-க்கு வருகிறது.

இதன் கணக்கு இப்படி. கரைசலின் மின்கடத்துதிறன் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். மீட்டர் காட்டும் எண் 25 டிகிரிக்கு மாற்றிய எண். 12 டிகிரித் தண்ணீரில் உண்மையான கடத்துதிறன் 26 சதவீதம் குறைந்திருக்கும். மீட்டருக்குள் இருக்கும் வெப்ப உணரி இன்னும் 22 டிகிரி என்றே நினைத்துக்கொண்டிருந்தால் 6 சதவீதம்தான் திருத்தம் கொடுக்கும். மீதி 20 சதவீதம் பிழை. அந்த 1.34-ஐ நம்பி, குறைகிறதே என்று ஊட்டக்கரைசலை ஊற்றி 1.7 ஆக்கினால், தொட்டியில் உண்மையில் 2.1-க்கு மேல் போயிருக்கும். மதியம் வெயில் வந்ததும் லெட்யூஸ் எனும் சாலட் கீரையின் இலையோரம் காயும். என்ன நோய் என்று தேடுவார்கள், நோயே இல்லை. விலை குறைந்த சில பேனாக்களில் வெப்பத் திருத்தமே கிடையாது என்பதும், ஈசியை டிடிஎஸ் எனும் கரைந்த உப்பின் அளவாக, பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) மாற்றிக் காட்டும் மீட்டர்களில் சில 500-ஆலும் சில 700-ஆலும் பெருக்குகின்றன என்பதும் இதே வாரத்தில் வருகிறது. ‘பிபிஎம் 850’ என்று எழுதினால் ஏற்றுக்கொள்வதில்லை, ஈசியில் எழுதச் சொல்கிறார்கள். சரியான கண்டிப்பு.

இரண்டாம் வாரம் தண்ணீரும் உரமும். பயிற்சியின் உச்சம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

மலையோடைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் பெரும்பாலும் மென்னீர். உப்பு குறைவு, சுண்ணாம்பு குறைவு. நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான், ஆனால் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, சமவெளிக் கையேட்டில் உள்ள உர அளவு போர் தண்ணீரிலேயே கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும் என்று வைத்துப் போட்டதாக இருக்கலாம். அதை அப்படியே மலையில் கலக்கினால் மூன்றாவது வாரத்தில் அடியிலைகளின் நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகவும் மாறும். மெக்னீசியம் பற்றாக்குறை. இரண்டாவது, அமிலமோ காரமோ சேர்ந்தால் தாங்கும் திறன் இல்லாத தண்ணீர் என்பதால் பிஎச் ஒரு நிலையில் நிற்காது. காரத்தன்மை 200 பிபிஎம் உள்ள கோவைப் பக்கத்துப் போர் தண்ணீர் 100 லிட்டரைப் பிஎச் 6-க்குக் கொண்டுவர 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் சுமார் 25 மில்லி வேண்டும். இங்கே 2 மில்லி போதும். கோவையில் பழகிய கை இங்கே 10 மில்லி ஊற்றினால் பிஎச் 3-க்குப் போய்விடும். அமிலத்தை முதலில் ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டு நீர்க்கச் செய்து (அமிலத்தைத் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் விடக்கூடாது), அந்த நீர்த்த கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கலக்கிப் பத்து நிமிடம் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். செடி நைட்ரேட்டை உறிஞ்ச உறிஞ்சப் பிஎச் தானாக ஏறும். மென்னீரில் ஒரே நாளில் அரைப் புள்ளி ஏறுவது சாதாரணம். ஆகவே தினமும் இரண்டு முறை பார்க்க வேண்டும்.

அவர்கள் பயன்படுத்தும் லெட்யூஸ் கரைசலின் அளவு நேர்மையானது, மறைப்பதும் இல்லை. 10 லிட்டர் அடர்கரைசல் இரண்டு, ஒவ்வொன்றும் 1,000 லிட்டருக்குப் போதும். ஏ டேங்கில் கால்சியம் நைட்ரேட் 800 கிராம், இரும்புக் கீலேட் 20 கிராம். பி டேங்கில் பொட்டாசியம் நைட்ரேட் எனும் 13-0-45 உரம் 400 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் எனும் 0-52-34 உரம் 250 கிராம், மெக்னீசியம் சல்பேட் 500 கிராம், கூடவே நுண்ணூட்டக் கலவை. கூட்டிப் பார்த்தால் தழைச்சத்து 175 பிபிஎம் சுற்றி, கால்சியம் 150, பொட்டாசியம் 220, பாஸ்பரஸ் 57, மெக்னீசியம் 49. ஈசி 1.7 முதல் 1.8 வரை வரும். பாஸ்பரஸ் கொஞ்சம் தாராளம் என்பது எங்கள் கருத்து. 0-52-34-ஐ 180 கிராமுக்குக் குறைத்து 13-0-45-ஐ 50 கிராம் கூட்டினாலும் பயிர் நன்றாகவே வரும்.

இரண்டு டேங்க் ஏன் என்பதை வாயால் சொல்லாமல் கண்ணாடிக் குவளையில் காட்டுகிறார்கள். அடர்த்தியான ஏ கரைசலையும் பி கரைசலையும் நேராகக் கலந்தால் பால்போல் வெளுக்கிறது, பத்து நிமிடத்தில் அடியில் வெள்ளைப் படிவு தங்குகிறது. அது ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும். அந்தக் குவளையை மேசையிலேயே ஒரு வாரம் வைத்திருக்கிறார்கள். படிவு கரைவதே இல்லை. சொட்டுநீர்க் குழாயில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் வரும் இன்னொரு தொல்லை: 13-0-45 கரையும்போது தண்ணீரின் சூட்டை உறிஞ்சும். ஏற்கெனவே 12 டிகிரியில் இருக்கும் வாளியில் கொட்டினால் வாளியின் வெளிப்புறமே வியர்க்கும், உரம் கரையாமல் அடியில் பாகாய்க் கிடக்கும். அதைக் கவனிக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் டேங்கில் ஊற்றிவிட்டு அடியில் நின்றதைக் கொட்டிக் கழுவிவிடுகிறவர்கள் உண்டு. பிறகு பொட்டாசியம் குறைகிறது என்று குழம்புவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரைப் பாதி அளவு எடுத்து, அதில் உரத்தை முழுக்கக் கரைத்து, பின்பு 10 லிட்டருக்கு நிரப்ப வேண்டும்.

நாற்று, ஊடகம் பற்றிய பகுதி சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. 98 குழித்தட்டு, கோகோபீட் எனும் தென்னை நார்க்கழிவு. 5 கிலோ கட்டியை 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் வடியும் தண்ணீரின் ஈசி 0.5-க்குக் கீழே வரும்வரை அலசுகிறார்கள். நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியம் தள்ளி வெளியேற்றும். இதைச் செய்யாவிட்டால் நாம் கொடுக்கும் கால்சியத்தை முதல் பத்து நாள் நாரே பிடித்து வைத்துக்கொள்ளும். லெட்யூஸ் விதையை ஆழமாகப் புதைக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். சமவெளியில் 30 டிகிரிக்கு மேல் விதை உறங்கிவிடும் பிரச்சினை இங்கே இல்லை.

மண்ணை ஏன் விட வேண்டும் என்பதற்கு நீலகிரிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு இந்தியாவில் முதன்முதலாக 1961-இல் ஊட்டியில்தான் கண்டறியப்பட்டது. மலை மண்ணை இடம் மாற்றுவதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் இல்லை. பயிற்சியில் இது ஒரே வரியில் கடந்துபோகிறது. முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் என்று சுற்றிலும் இவ்வளவு இருக்கும்போது, ஒரு நாளாவது மாணவர்களை அழைத்துப் போகலாம்.

மூன்றாம் வாரம் பாலிஹவுஸுக்குள்ளே. என்எஃப்டி சானல்கள், அதாவது வேரின் அடியில் மெல்லிய படலமாக ஊட்டக்கரைசல் ஓடும் கால்வாய்கள், 6 மீட்டர் நீளம், தலைக்கும் காலுக்கும் 15 செ.மீ. சரிவு, ஒரு சானலுக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் ஓட்டம். ஓட்டத்தை அளவுக்குவளையும் கைக்கடிகாரமும் வைத்து ஒவ்வொரு சானலிலும் அளக்கச் சொல்கிறார்கள், வேண்டிய வேலை. ஒரே குழாயிலிருந்து பிரியும் பத்துச் சானல்களில் கடைசிச் சானலுக்குப் பாதி ஓட்டம்தான் போகும், சிறு வால்வை முறுக்கிச் சரிசெய்யாவிட்டால் அந்த வரிசை இளைத்தே இருக்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது மலையில் வாடிக்கை. என்எஃப்டியில் வேருக்குக் கீழே சில மில்லிமீட்டர் தண்ணீர்தான் இருப்பதால் நல்ல வெயிலில் பம்பு நின்றால் சில மணி நேரத்திலேயே செடி தொங்கிவிடும். பண்ணையில் பம்புக்கு மட்டும் தனி இன்வெர்ட்டர் இருக்கிறது. கல்லூரியில் இதைத் திரும்பச் செய்ய நினைப்பவர்கள் பம்பை வாங்கும் முன்பே இன்வெர்ட்டரை வாங்கிவிட வேண்டும்.

ஈரப்பதம் பற்றிய பாடம்தான் மூன்றாம் வாரத்தின் உயிர். குளிருக்குப் பயந்து இரவில் பக்கத் திரைகளை முழுக்க இறக்கிவிடுவது மலை விவசாயிகளின் வழக்கம். விடியற்காலை உள்ளே போனால் ஷீட்டின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. திரையைத் தட்டினால் சடசடவென்று செடிமேல் விழுகிறது. சாம்பல் பூஞ்சையும் அடிச்சாம்பலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. 12 டிகிரி, ஈரப்பதம் 98 சதவீதம் என்றால் காற்றின் ஆவியழுத்தக் குறைபாடு, அதாவது காற்று இன்னும் எவ்வளவு ஈரத்தை ஏற்கும் என்பதன் அளவு, 0.03 கிலோபாஸ்கல். செடியிலிருந்து தண்ணீர் வெளியே போகவே வழி இல்லை. மதியம் 26 டிகிரி, 60 சதவீதம் என்றால் அதே குறைபாடு 1.3-க்கு ஏறிவிடுகிறது. இந்த ஊசலாட்டத்தில்தான் லெட்யூஸின் நடுக்குருத்து இலைகளின் நுனி பழுப்பேறிக் கருகும்.

நுனிக்கருகலைப் பார்த்ததும் கால்சியம் பற்றாக்குறை என்று எழுதுவார்கள். அது உண்மை. தொட்டியில் கால்சியம் போதவில்லை என்று அடுத்த வரி எழுதுவார்கள். அது தப்பு. கால்சியம் தண்ணீரோடு சேர்ந்தே மேலே ஏறும். எந்த இலை நீராவியை வெளியே விடுகிறதோ அங்கேதான் போய்ச் சேரும். மூடிக்கிடக்கும் நடுக்குருத்தில் காற்றே படாது, ஆகவே கால்சியமும் வராது. தொட்டியில் இன்னும் கால்சியம் நைட்ரேட் போட்டால் ஈசி ஏறி நிலைமை மோசமாகும். பண்ணையில் ஒரு பாதியில் அப்படிச் செய்து காட்டுகிறார்கள். மறுபாதியில் ஈசியை 1.2-க்கு இறக்கி, கூரைத் திறப்பை இரவிலும் ஒரு சாண் திறந்து வைத்து, செடி மட்டத்தில் காற்று நகரும்படி சிறிய ஃபேன் ஓட்டுகிறார்கள். பத்தே நாளில் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. வெயில் ஷீட்டில் படுவதற்கு முன்பே பக்கத் திரையைத் தூக்கி ஈரத்தை வெளியேற்ற வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறார்கள். வெயில் ஏறிய பிறகு திறந்தால் குளிர்ந்த இலைமேல் ஈரம் படிவதற்கு நாமே நேரம் கொடுத்ததாகிவிடும்.

இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லித்தருகிறவர்கள் அடுத்த பாடத்தில் சறுக்குவதுதான் வருத்தம். பாலிஹவுஸுக்குள் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் அகச்சிவப்பு உணரி மாட்டியிருக்கிறார்கள். அதை வெளியே திறந்தவெளியில் வைத்தால் 340 பிபிஎம் பக்கம் காட்டுகிறது. பயிற்சிக் கையேட்டில் ‘மலைக்காற்றில் கார்பன் டை ஆக்சைடின் பிபிஎம் அளவு குறைவு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பிபிஎம் குறைவு இல்லை. உலகம் முழுக்க இன்று 420-க்கு மேல்தான் இருக்கிறது, கோத்தகிரியிலும் அப்படியே. உணரி எண்ணுவது தன் குழாய்க்குள் இருக்கும் மூலக்கூறுகளை. காற்றழுத்தம் 80 சதவீதம் என்பதால் மூலக்கூறும் 80 சதவீதம். கருவியில் உயரத்தையோ அழுத்தத்தையோ பதித்தால் சரியாகிவிடும், அந்த அமைப்பு பெரும்பாலான உணரிகளில் உண்டு. செடிக்கு உண்மையில் கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடின் பகுதியழுத்தம் குறைவு என்பது சரி, ஆனால் அது வேறு விஷயம்; இரண்டையும் குழப்பக் கூடாது.

கரைந்த ஆக்சிஜனிலும் அதே கதை. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏர் பம்பு சரியில்லை என்று கையேடு சொல்கிறது. அது கடல்மட்ட எண். 1,800 மீட்டரில் 20 டிகிரியில் பூரித நிலையே, அதாவது காற்றிலிருந்து கரையக்கூடிய உச்ச அளவே, 7.3 தான். 15 டிகிரியில் 8.1. மாணவர்கள் 7.2 அளந்துவிட்டுப் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார்கள். மலையின் குளிரைக் கணக்கில் எடுத்தவர்கள் மலையின் உயரத்தை விட்டுவிட்டார்கள். கையேட்டில் இரண்டு பக்கம் திருத்தினால் தீரும் குறை, அடுத்த அணிக்கு முன் திருத்த வேண்டும்.

நான்காம் வாரத்திலிருந்து மாணவர்களின் சொந்த ஆய்வு. இருவர் இருவராக ஒரு கேள்வி எடுக்க வேண்டும். இங்கே காலமே பெரிய இடைஞ்சல். லெட்யூஸ் நாற்றுக்கு மூன்று வாரம், நட்டு அறுக்க மலைக்குளிரில் ஐந்து வாரத்துக்கு மேல். ஆறு வாரத்தில் முழுச் சுற்று அடங்காது. பண்ணை தயார் நாற்றைக் கொடுத்துவிடுகிறது. அப்படியும் நட்டபின் மூன்று வாரம்தான் கிடைக்கிறது. ஆகவே அறுவடை எடையைக் கேள்வியாக எடுக்காமல், நாற்றுப் பருவ வளர்ச்சியையோ வெந்தயக்கீரை போன்ற குறுகிய காலப் பயிரையோ எடுத்தால் முடிவு உருப்படியாக வரும்.

அதைவிடப் பெரிய பிழை ரெப்ளிகேஷனில், அதாவது ஒரே சோதனையைத் தனித்தனியாக எத்தனை முறை திரும்பச் செய்கிறோம் என்பதில். வழக்கமான திட்டம் ஒன்று: ஈசி 1.2, 1.8, 2.4 என்று மூன்று தொட்டி, தொட்டிக்கு ஒரு சானல், சானலுக்கு 20 செடி. 60 செடியையும் எடை போட்டு, ரெப்ளிகேஷன் 20 என்று எழுதி, பிழைக்கான சுதந்திரப் பாகை (பிழையை மதிப்பிடக் கிடைக்கும் சார்பற்ற தகவல்களின் எண்ணிக்கை) 57 என்று, சராசரிகளை ஒப்பிடும் அனோவா கணக்கைப் போடுகிறார்கள். எல்லாமே ‘குறிப்பிடத்தக்க வித்தியாசம்’ என்று வரும், வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். 20 செடியும் குடிப்பது ஒரே தொட்டித் தண்ணீர். அந்தத் தொட்டியின் பம்பு மெதுவாக ஓடினால் 20 செடியும் சேர்ந்தே இளைக்கும். சோதனையின் அலகு தொட்டிதான், செடி இல்லை. உண்மையான ரெப்ளிகேஷன் ஒன்று. 1984-இல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் இதைப் போலி ரெப்ளிகேஷன் என்று பெயர் வைத்துக் கண்டித்தார். நாற்பது ஆண்டு ஆகியும் இளநிலை ஆய்வுகளில் இது நின்றபாடில்லை. பயிற்சியாளர்கள் இதைச் சொல்லாமல் இல்லை. நான்காம் வாரக் கடைசியில், எல்லாரும் நட்டு முடித்த பிறகு சொல்கிறார்கள். முதல் வாரமே சொல்ல வேண்டியது.

செய்ய வேண்டியது எளிது. 10 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா 12 வாங்கி, ஒவ்வொன்றிலும் செடி நிற்க நான்கு நெட் பாட் (வலைத்தொட்டி), தண்ணீருக்குள் காற்றைக் குமிழிவிட ஒரு காற்றுக்கல். மூன்று ஈசி அளவு, நான்கு ரெப்ளிகேஷன். மேற்குத் திரைப் பக்கம் குளிரும் காற்றும் அதிகம், நடுவில் குறைவு என்பதால் திரையிலிருந்து உள்நோக்கி நான்கு வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையையும் ஒரு பிளாக்காக வைத்து, அதற்குள் மூன்று டப்பாவின் இடத்தையும் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். நான்கு செடியின் சராசரி ஒரு எண். பிழைக்கான சுதந்திரப் பாகை 6 தான் வரும். குறைவாகத் தெரியும், ஆனால் நேர்மையான 6. பண்ணைக் கிடங்கில் இதற்கு வேண்டிய டப்பாக்கள் இருக்கின்றன, கேட்டால் கொடுக்கிறார்கள். சேர்கிற மாணவர்கள் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

உலர் எடை எடுக்கும் முறை நன்றாகக் கற்றுத்தரப்படுகிறது. லெட்யூஸில் 95 சதவீதம் தண்ணீர். 150 கிராம் செடி காய்ந்தால் 7 கிராம் சுற்றித்தான் வரும், ஆகவே 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். 70 டிகிரி அடுப்பில் இரண்டு நாள் வைத்து, அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாகும்வரை காத்திருக்க வேண்டும். மூடுபனி நாளில் அடுப்பிலிருந்து எடுத்த காகிதப்பையைத் தராசில் வைத்துப் பாருங்கள்: 7.12, 7.15, 7.19 என்று கண்ணெதிரே எண் ஏறிக்கொண்டே போகும். பையும் இலையும் காற்றின் ஈரத்தைக் குடிக்கின்றன. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர் எனும் மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து உடனே எடை போட வேண்டும். பையின் எடையையும் காய்ந்த நிலையிலேயே கழிக்க வேண்டும்.

விளக்கு அறைக்கு வருவோம். மூன்று அடுக்கு, அடுக்குக்கு 20 வாட் எல்இடி குழல் நான்கு. மலையில் அறை வெப்பம் 16, 17 டிகிரியில் இருப்பதால் விளக்கின் சூடு தொல்லை இல்லை, உதவிதான். ஏசி செலவு மிச்சம், உள்ளரங்க சாகுபடிக்கு மலை தரும் நிஜமான சலுகை இது. ஆனால் வெளிச்சத்தை லக்ஸ் மீட்டரால் அளக்கிறார்கள், சில சமயம் செல்போன் செயலியால். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. சிவப்பும் நீலமும் கலந்த விளக்கில் அது செடிக்குக் கிடைக்கும் ஒளியைப் பற்றிப் பொய்தான் சொல்லும். ஒளித்துகள் அடர்த்தியை மைக்ரோமோலில் அளக்கும் குவாண்டம் மீட்டர் ஒன்றாவது வேண்டும். அது இல்லாதபோது, விளக்கின் விவரத்தாளை வைத்துத் தோராயம் போடலாம். 80 வாட், வாட்டுக்கு 2 மைக்ரோமோல் என்றால் 160, அதில் ஐந்தில் நான்கு பங்கு செடிமேல் விழுவதாக வைத்தால் 130 சுற்றி, 0.72 சதுர மீட்டர் தட்டுக்குச் சதுர மீட்டருக்கு 180. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் என்றால் 180 × 16 × 0.0036, அதாவது 10.4 மோல். லெட்யூஸுக்கு 12 முதல் 17 வரை வேண்டும். கீரைக் குருத்துக்குப் போதும், முழுத்தலைக்குப் போதாது. மின்சாரம் அடுக்குக்கு ஒரு நாளைக்கு 1.28 யூனிட், மாதத்துக்கு 38. இந்தக் கணக்கை மாணவர்களைப் போட வைத்தாலே அறை பாதி பயன்பட்டுவிடும். இப்போது அதைப் போடச் சொல்வதில்லை.

பூச்சி மேலாண்மை அரை நாளில் முடிந்துவிடுகிறது: மஞ்சள் ஒட்டும் அட்டை, 40 மெஷ் வலை, இரட்டைக் கதவு. சுற்றிலும் கார்னேஷன் பாலிஹவுஸ்கள் உள்ள ஊரில் இலைப்பேனுக்கு இன்னும் நேரம் ஒதுக்க வேண்டும். ஷீட்டின்மேல் படியும் பச்சைப் பாசியைக் கழுவுவது பாடமாகவே இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எந்த அணியில் சேருவது? டிசம்பரில் சேருங்கள். மே மாதத்தில் எல்லாம் நன்றாக வளரும், அதனால் கற்க வேண்டிய பிழைகள் கண்ணில் படாது. குளிரில்தான் மீட்டரும் உரமும் ஈரமும் தங்கள் சுயரூபத்தைக் காட்டும். மூன்றாம் ஆண்டு முடித்தவர்களுக்கும், புள்ளியியல் ஒரு தாளாவது படித்தவர்களுக்கும் இது பொருந்தும். முதலாண்டு மாணவர்களுக்குச் சுமையாக இருக்கும். சேருமுன் மீட்டர் சரிபார்ப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கட்டணத்தில் தங்கும் இடமும் சாப்பாடும் அடக்கம், டப்பா, உரம், விதை போன்ற செலவு அடக்கம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்; மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் ஏறினால் தேவையில்லை. பண்ணையிலிருந்து தங்குமிடத்துக்குத் தேயிலைத் தோட்டத்து நடுவே கால் மணி நேர நடை. கரடியும் காட்டெருமையும் நடமாடும் பாதை, ஏழு மணிக்கு முன்பும் இருட்டிய பின்பும் தனியாகப் போகாதீர்கள். பஃபர் கரைசல் கொண்டு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: கீழே இறுக மூடிய குப்பி 1,800 மீட்டர் ஏறி வந்ததும் உள்ளே அழுத்தம் மிஞ்சி உப்பியிருக்கும், கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட் மாதிரி. பையிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்து, மூடியை மெல்லத் திருகுங்கள்.